சி.எஸ்., பொள்ளாச்சி, 1965 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனம் பற்றிய உங்கள் கட்டுரையில் சி.சுப்பிரமணியத்தை மிகவும் உயர்த்தி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. குலக்கல்வித் திட்டத்தில் ராஜாஜிக்குத் துணை நின்றவர் அவர். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நம் பிள்ளைகள் தெருவில் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் மந்திரி பதவியை விடாமல் உட்கார்ந்திருந்தவர். நெருக்கடி நிலையில் நிதியமைச்சர். பசுமைப் புரட்சி என்று சொல்லி மண்ணில் உரத்தைக் கொட்ட வைத்தவர். இவருக்குப் பாரத ரத்னா எப்படித் தகும்? நம் ஊர்க்காரர், நம் சாதிக்காரர் என்பதால்தானே கொங்கு நாட்டில் யாரும் இவரைப் பற்றி வாய் திறப்பதில்லை? நீங்களும் அப்படித்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)
உடுமலைப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் 1965 பற்றி நீங்கள் எழுதியிருப்பது நடந்தது அல்ல. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சி.எஸ். (சி.சுப்பிரமணியத்தை அப்படித்தான் சொல்வோம்) ராஜினாமா செய்தார். அவரும் ஓ.வி.அளகேசனும் பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சரவையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்றார். தமிழ்நாட்டு மந்திரிகள் இரண்டு பேர் வெளியே போகிறோம் என்று கடிதம் கொடுத்த நாளில்தான் அந்த வாக்குறுதி வந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் பதவிப் பித்தர் என்பது நியாயம் ஆகாது.

சரி, அப்புறம்? அதற்கு மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு. ராணுவம் இறங்கிய ஊர் அது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு சொன்னதும் ஊர் சொன்னதும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த நாளில் பொள்ளாச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் யார்? 1962-இல் அங்கே ஜெயித்துப்போன சி.எஸ்.தான். அவர் பிறந்த செங்குட்டைப்பாளையம் அதே பொள்ளாச்சிச் சீமையில் இருக்கிறது. சொந்த மண்ணில் குண்டு பாய்ந்த பிறகு அவர் ராஜினாமாவை விட்டுவிட்டு மந்திரியாகவே தொடர்ந்தார். அவர்மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு இதுதான். சாஸ்திரி வாயால் சொன்னது சட்டமாக வர 1967 ஆயிற்று. அதுவரை வெளியே நின்று, சட்டம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டியவர் அவர். கேட்கவில்லை. பிரதமர் பேசிவிட்டார், விவகாரம் முடிந்தது என்று இலாகாவுக்குத் திரும்பிவிட்டார்.

அவருடைய மொத்த வாழ்க்கையையும் எனக்குப் புரியவைப்பது இந்த இடம். அறிவியல் பட்டதாரி, அப்புறம் வக்கீல். ஃபைலை நம்பினார், நிபுணரை நம்பினார். கையில் கொடுத்த வேலையை அவரைப்போல் முடித்தவர்கள் குறைவு. தெருவில் நிற்கிற ஜனங்களின் கோபம் மட்டும் அவருக்குக் கடைசிவரை நிர்வாகச் சிக்கலாகவே தெரிந்தது.

குலக்கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டம். சி.எஸ். அந்த அமைச்சரவையில் இருந்தார், பொறுப்பு அவருக்கும் உண்டு. 1954-இல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றார். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. ஜெயித்த காமராஜர் இவரைக் கூப்பிட்டு மந்திரியாக்கி, நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். அந்த மே மாதமே குலக்கல்வி வாபஸ் ஆயிற்று. கொண்டுவந்த அமைச்சரவையில் இருந்தவரே, கைவிட்ட அரசின் கல்வி அமைச்சர்! பிறகு நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருக்க, மதிய உணவு, சீருடை, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று காமராஜர் காலத்துக் கல்வி வேலை அத்தனையும் இவர் இலாகாவில் நடந்தது. இதில் சந்தர்ப்பவாதத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நான் பார்ப்பது, ராஜாஜியிடமும் காமராஜரிடமும் ஒரே சிரத்தையோடு வேலை செய்யக்கூடிய ஒரு மனிதரை. அது அபூர்வமான திறமை. ஆபத்தான திறமையும்கூட.

பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். நீங்கள் உடுமலைக்காரர், உங்களுக்கே தெரியும். குடிமங்கலம் பக்கம் என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஏழு ஏக்கர் மேட்டாங்காடு. விடிவதற்கு முன்னால் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்தால், கிணற்றில் சால் தரை தட்டுகிறவரை ஓடும். அதில் நனைவது கொஞ்சம் நிலம். மற்றதெல்லாம் கம்பும் சோளமும், அதுவும் மழை பெய்தால். மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆறுகளை மலைக்குள் திருப்பி, சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் காட்டின் நிறமே மாறியது. முறைத் தண்ணீர் வருகிற ராத்திரியில் மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாக மடையில் காத்துக்கிடந்ததும், கடைமடைக்காரர்களோடு வாய்த் தகராறு நடந்ததும் எங்கள் வீட்டுக் கதைகள். ஆனால் தண்ணீர் வந்தது. இந்தத் திட்டத்துக்காக வேட்டைக்காரன்புதூர் வி.கே.பழனிசாமிக் கவுண்டர் அலைந்த அலைச்சலும், பொள்ளாச்சி மகாலிங்கத்தின் முயற்சியும், காமராஜர் அரசின் முடிவும், பொறியாளர்களின் உழைப்பும் சேர்ந்துதான் அது நடந்தது. அப்போது மாநிலத்தின் நிதி சி.எஸ். கையில் இருந்தது. அதை மட்டும்தான் நான் எழுதினேன்.

அடுத்து கோதுமை. 1964-இல் சாஸ்திரி அவருக்குக் கொடுத்தது உணவு, விவசாயம். யாரும் ஆசைப்பட்டு வாங்காத இலாகா அது. அமெரிக்காவிலிருந்து கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் தானியம். 1966-இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது சுமார் ஒரு கோடி டன். இந்த நிலையில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் ஒரு விஞ்ஞானியை, பி.பி.பாலை உட்கார வைத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல் விளைச்சல் பெருகாது என்று விவசாய விலைக் கமிஷனைக் கொண்டுவந்தார். இந்திய உணவுக் கழகம் அவர் காலத்தில் பிறந்தது. உரத்துக்கு அந்நியச் செலாவணி ஏது என்று நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார். அமெரிக்காவிடம் நாட்டை அடகு வைக்கிறார் என்று இடதுசாரிகள் சொன்னார்கள். எல்லாவற்றையும் மீறி 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. டெல்லியில் தன் பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்துக் காட்டினார். 1968-இல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிடுகிற அளவுக்கு விளைந்தது.

இங்கே அவர் யாருக்கும் தலையாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குப் புரிந்த விஷயத்தில், நிபுணர்கள் பக்கத்தில் இருக்கும்போது, அமைச்சரவை முழுக்க எதிர்த்தாலும் நிற்கக்கூடியவர்தான்.

மண் கெட்டது என்கிறீர்கள். கெட்டது, நம் கண்முன்னால்தான் கெட்டது. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் வராத காடுகள் நம்மூரில் எத்தனை! ஆனால் பட்டினிக்குப் பயந்து எடுத்த அவசர வழியை, பட்டினி தீர்ந்த பிறகும் அரைநூற்றாண்டாக அப்படியே இழுத்துக்கொண்டு வந்தவர்கள் பின்னால் வந்த அரசுகளும் நாமும்தான். பீகார் வறண்டு கிடந்த 1966-இல் அவர் வேறு எதைச் செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நெருக்கடி நிலைக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. 1975 ஜூன் 26 காலை அமைச்சரவை கூடியபோது ஜனாதிபதியின் கையெழுத்து விழுந்து முடிந்திருந்தது, தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். ஒரு மந்திரிகூட ராஜினாமா செய்யவில்லை. சி.எஸ்.ஸும் செய்யவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் மொழிக்காக விலகல் கடிதம் எழுதத் தெரிந்த கைதான் அது. அந்தக் காலத்தில் அவர் இலாகா சும்மா இருக்கவில்லை. கிராமங்களுக்குக் கடன் போய்ச் சேர வட்டார கிராம வங்கிகள் அந்த வருஷம் அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்டன. நல்ல காரியம், இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பத்திரிகை தணிக்கையில் இருந்தது, கேள்வி கேட்டவர்கள் ஜெயிலில் இருந்தார்கள், 1976 ஜனவரியில் அவருடைய சொந்த மாநிலத்தின் அரசே கலைக்கப்பட்டது. கடைசிவரை நிதியமைச்சராக இருந்தார். கணக்கு வழக்கு ஒழுங்காக ஓடினால் போதும் என்று ஒரு ஜனநாயகவாதி நினைக்க முடியாது. இதை நான் மன்னிக்கவில்லை.

பாரத ரத்னா தகுமா என்று கேட்டீர்கள். 1998-இல் அதைக் கொடுத்தபோது நாடு நினைத்துப்பார்த்தது கோதுமையை. அதற்குத் தகும். அந்தப் பட்டயம் 1975-க்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது, அவ்வளவுதான்.

கடைசியாகச் சாதி. நானும் அதே சமூகத்தில் பிறந்தவன். கல்யாண மண்டபத்து ஃபிளெக்ஸ் போர்டில் அவர் படத்தைச் சாதிச் சங்கத் தலைவர்கள் படத்தோடு சேர்த்து அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சென்னையிலும் டெல்லியிலும் நாட்டுக்காக வேலை செய்தவரை ஒரு சாதிக்குள் அடைக்கிற வேலை அது. ஆனால் கொங்கு நாட்டில் யாரும் அவரை எதிர்த்து வாய் திறந்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மொழிக்காக உயிர்விட்ட சத்தியமங்கலம் முத்துவும் பீளமேடு தண்டபாணியும் நம் பக்கத்துப் பிள்ளைகள். 1967-இல் சி.எஸ். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்து ஊரான கோபிசெட்டிபாளையம் தொகுதியில் நின்றார். கோதுமை விளைந்துகொண்டிருந்த நேரம், பி.ஏ.பி. வாய்க்கால் ஓடத் தொடங்கிவிட்ட நேரம். தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். சொந்தச் சீமையின் ஜனங்கள்தான் தோற்கடித்தார்கள்.

அதே ஜனங்கள் வாழும் தமிழ்நாடு 1977-இல் என்ன செய்தது? வடக்கே இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றுப்போனார். சி.எஸ். பழனியில் நின்று ஜெயித்தார். என் கேள்வி இப்போது அவரைப் பற்றியதாக இல்லை. 1965-க்குக் கணக்குக் கேட்ட நாம், 1975-க்கு ஏன் கேட்கவில்லை? இதைப் பற்றி நீங்கள் எழுதினால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.