கையெழுத்து போட்டவர் ‘நைன்’ எழுத வேண்டுமா? சுவிஸ் வாக்கு உறை பற்றி ஒரு விளக்கம்

கேள்வி: சூரிச் மாநிலத்தில் சிறிய ஊர் ஒன்றில் இருக்கிறேன். போன வருடம் குடியுரிமை கிடைத்தது. சில மாதங்களுக்கு முன் ரயில் நிலைய வாசலில் ஒரு புதிய சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். இப்போது வாக்கு உறை வந்திருக்கிறது. “இந்தச் சட்டத்தை ஏற்கிறீர்களா?” என்று கேட்கிறது. நான் ‘யா’ (ஆம்) எழுதுவதா, ‘நைன்’ (இல்லை) எழுதுவதா? வீட்டில் நான்கு பேருக்கும் நானே நிரப்பி அனுப்பலாமா? ஊர் மண்டபத்தை வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குத் தர வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை. அதையும் இப்படி வாக்குக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: சட்டம் வேண்டாம் என்பதே இன்றும் உங்கள் கருத்தென்றால் ‘நைன்’ எழுதுங்கள். தாள் கேட்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பற்றித்தான். அன்று நீங்கள் போட்ட கையெழுத்து, “இது மக்கள் முன் வரட்டும்” என்று மட்டுமே சொன்னது. அது உங்களைக் கட்டுப்படுத்தாது. கூட வரும் சிறு புத்தகத்தைப் படித்து மனம் மாறினால் ‘யா’ எழுதலாம், அதுவும் செல்லும்.

குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே உறைக்குள் வெவ்வேறு வகை வாக்கெடுப்புகள் வருவதுதான். பேனாவைத் திறக்கும் முன் ஒவ்வொரு தாளும் எந்த வகை என்று பாருங்கள். உங்கள் கையில் இருப்பது விருப்ப வாக்கெடுப்பு. சட்டம் அதிகாரபூர்வமாக வெளியான நாளிலிருந்து 100 நாட்களுக்குள் 50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் அது வாக்குக்கு வந்தாக வேண்டும். இங்கே எதிர்ப்பவர் எழுதுவது ‘நைன்’. இரண்டாவது வகையான ‘இனிட்சியாட்டிவ்’ நேர் எதிர். மக்களே அரசியலமைப்பில் ஒரு மாற்றத்தை எழுதி, 18 மாதங்களில் 1 லட்சம் கையெழுத்து திரட்டிக் கொண்டுவருவது அது. அதில் கையெழுத்திட்டவர் பக்கம் ‘யா’ பக்கம். மூன்றாவது கட்டாய வாக்கெடுப்பு. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தினால் யாரும் கையெழுத்து திரட்டாமலே மக்களிடம் வந்துவிடும்.

இலங்கையிலிருந்து வந்த மூத்தவர்களுக்குச் சர்வசன வாக்கெடுப்பு என்றதும் 1982 டிசம்பர் 22 நினைவுக்கு வரும். நாடாளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டுகள் நீட்டிக்க, விளக்கு, குடம் என்ற இரண்டு சின்னங்களை வைத்து அரசு நடத்தியது அது. சுவிஸில் கூட்டாட்சி அரசு தனக்கு வசதியான நேரத்தில் ஒரு சட்டத்தை மக்கள் வாக்குக்கு விட முடியாது. அரசியலமைப்பு கேட்க வேண்டும், அல்லது மக்களோ எட்டு மாநிலங்களோ கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். “அரசு முடிவெடுத்துவிட்டுத்தானே நம்மைக் கேட்கிறது” என்று உறையை ஒதுக்கி வைக்கும் பழக்கம் அப்போதுதான் விலகும்.

எண்ணும் விதமும் வகைக்கேற்ப மாறும். உங்கள் சட்டத்துக்கு நாடு முழுவதிலும் கிடைக்கும் வாக்குகளில் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பு மாற்றத்துக்கு மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். மொத்தம் 23 மாநில வாக்குகள், அவற்றில் ஆறு மாநிலங்களுக்கு அரை வாக்கு மட்டும். 2020 நவம்பர் 29 அன்று பெருநிறுவனப் பொறுப்பு முன்மொழிவு 50.7 சதவீத ‘யா’ பெற்றும் மாநிலப் பெரும்பான்மை இல்லாமல் விழுந்தது.

‘நைன்’ வென்றால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராது, ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடாது. மின்னணு அடையாளச் சட்டம் நல்ல உதாரணம். தனியார் நிறுவனங்கள் அடையாளத்தை வழங்கும் என்றிருந்த சட்டத்தை 2021 மார்ச் 7 அன்று 64.4 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அரசே வழங்கும் என்று திருத்தி எழுதிய சட்டத்துக்கு எதிராகவும் கையெழுத்து திரண்டது. 2025 செப்டம்பர் 28 அன்று அது 50.4 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. எதிர்ப்பு எதைப் பற்றியது என்று அரசு கவனித்ததால்தான் இரண்டாவது சட்டம் அந்த வடிவத்தில் வந்தது என்பதே என் கணிப்பு.

சில தாள்களில் மூன்று கேள்விகள் இருக்கும்: மக்களின் முன்மொழிவு, நாடாளுமன்றத்தின் எதிர் முன்மொழிவு, இரண்டும் வென்றால் எது வேண்டும் என்ற தீர்வுக் கேள்வி. முதல் இரண்டுக்கும் ‘யா’ எழுதலாம், 1987 முதல் அது செல்லும். இரண்டுக்கும் ‘நைன்’ எழுதினாலும் மூன்றாவதை வெறுமையாக விடாதீர்கள். இரண்டும் வென்றுவிட்டால் அந்தக் கேள்வியில் உங்கள் குரல் இருக்காது.

இனி நிரப்புவது. விடையைக் கைப்பட எழுதுங்கள். வாக்குச்சீட்டில் பெயர், கையெழுத்து, கருத்து எதுவும் வேண்டாம், அடையாளம் தெரிந்தால் வாக்கு செல்லாது. சீட்டுகளைச் சிறிய உறையில் இட்டு ஒட்டுங்கள். வாக்குரிமை அட்டையில் கையெழுத்திடுங்கள். அட்டையையும் சிறிய உறையையும் சேர்த்துப் பெரிய உறையில் வைத்து, ஊர் நிர்வாகமான கெமைண்டேயின் முகவரி சாளரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அட்டையில் கையெழுத்து விட்டுப்போவதுதான் அஞ்சல் வாக்குகள் வீணாக ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று தாமதம். அஞ்சல் முத்திரைத் தேதி கணக்கில்லை, கெமைண்டேக்குச் சேர வேண்டும். மெதுவாகச் சேரும் சாதாரண அஞ்சலான பி-போஸ்டில் அனுப்பினால் வாக்கு ஞாயிறுக்கு முந்தின செவ்வாய்க்கு மேல் வைத்திருக்காதீர்கள். நேரம் போய்விட்டால் கெமைண்டே பெட்டியில் போடுங்கள். அது கடைசியாகத் திறக்கப்படும் நேரம் அட்டையிலோ கூட வந்த தாளிலோ இருக்கும்.

வீட்டில் நால்வருக்கும் நீங்கள் நிரப்பக் கூடாது. பிறர் சார்பில் கையெழுத்திடுவதும், திட்டமிட்டுப் பிறர் சீட்டுகளைச் சேகரித்து நிரப்புவதும் தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றம். பாசத்தோடு, உதவி என்று நினைத்துச் செய்தாலும் நிலைமை மாறாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுங்கள், மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். எழுதுவது அவரவர் கையாக இருக்கட்டும். எழுத இயலாத பெரியவர் இருந்தால் உதவி பெறும் முறையைக் கெமைண்டேயிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டி முடித்த உறைகளைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவதில் தவறில்லை.

மண்டபக் கோரிக்கைக்கு வருவோம். இதற்குக் கூட்டாட்சி இனிட்சியாட்டிவ் பொருந்தாது. அதற்கு 7 முதல் 27 வாக்காளர்கள் கொண்ட குழு வேண்டும். ஒவ்வொரு கெமைண்டேக்கும் தனித்தனித் தாளில் கையெழுத்து வாங்கி, அந்தந்த இடத்தில் சரிபார்த்துச் சான்று பெற வேண்டும். 1 லட்சம் சேர்ந்த பின்னும் வாக்கு நாள் வரச் சில ஆண்டுகள் ஆகும். உங்கள் விஷயம் ஊரளவில் முடியக்கூடியது.

உங்கள் ஊரில் கெமைண்டே சபைக் கூட்டம், அதாவது ஊர் வாக்காளர்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் கூட்டம் நடக்கிறதென்றால், சூரிச் மாநிலச் சட்டப்படி ஒரே ஒரு வாக்காளர்கூடத் தனி இனிட்சியாட்டிவ் கொடுக்கலாம். ஆனால் பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. அது சபைக் கூட்டத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயமாக இருக்க வேண்டும். மண்டபத்தை யாருக்கு, எந்த நேரத்தில் தருவது என்பது பெரும்பாலும் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும், அப்படியானால் உங்கள் மனு செல்லாது என்று திரும்பிவிடும். ஆகவே எதையும் எழுதும் முன் கெமைண்டே எழுத்தரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மண்டப விதிகளை முடிவு செய்வது யார்?

நிர்வாகக் குழு என்று பதில் வந்தால், சபைக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன் எழுத்து மூலம் ஒரு கேள்வி கொடுங்கள். மண்டபம் வார இறுதியில் எத்தனை நாள் காலியாக இருக்கிறது, தமிழ்ப் பள்ளிக்குத் தருவதில் என்ன தடை என்று அதில் கேட்கலாம். கூட்டத்துக்கு ஒரு நாள் முன்பாவது அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். கூடவே ஒரு பொது மனுவும் கொடுங்கள். அதில் யாரும் கையெழுத்திடலாம், இன்னும் குடியுரிமை பெறாமல் சி அனுமதி அட்டையோடு (நிரந்தர வதிவிட அனுமதி) இருக்கும் பெற்றோரும்தான். மனுவை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள், எந்த மணி முதல் எந்த மணி வரை, மண்டபத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருக்கு என்று தெளிவாக எழுதிய மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.