பிஎஸ்பியா, வீட்டாவா, 3டிஎஸ்ஸா? பழைய கேம்களுக்குப் பழைய கருவி

கேள்வி: பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்), கேம் பாய் அட்வான்ஸ், சூப்பர் நிண்டெண்டோ காலத்து கேம்களை எமுலேட்டரில் ஆட ஆசை. செகண்ட் ஹேண்டில் சோனியின் பிஎஸ்பி 3000, பிஎஸ் வீட்டா, நிண்டெண்டோவின் நியூ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிகள் மூன்றும் கிடைக்கின்றன. எதில் பவர் அதிகம்? எதை வாங்கலாம்? - கோவை வாசகர்

பதில்: பவரில் வீட்டாதான் பெரியது. நாலு கோர் ப்ராசசர், 512 எம்பி ரேம். பிஎஸ்பி 3000-இல் அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி, அவ்வளவுதான். ஆனால் பவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சிப்புக்காக எழுதப்பட்ட கேமை வேறொரு சிப்புக்குப் புரியும்படி ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எமுலேட்டரின் வேலை. பவர் செலவாவது அதற்குத்தான். பழைய சிப்போ அதன் நெருங்கிய உறவோ கருவிக்குள்ளேயே இருந்து விட்டால் அந்தச் சுமை வெகுவாகக் குறைந்து விடும். எனவே எந்தக் கருவிக்குள் எந்தப் பழைய கருவி குடியிருக்கிறது என்று பாருங்கள்.

பிஎஸ்1, பிஎஸ்பி இரண்டின் சிப்புகளும் மிப்ஸ் என்ற ஒரே குடும்பம். பிஎஸ்1 கேம்களை சோனியே பிஎஸ்பிக்கு விற்றதால் அதற்கான எமுலேட்டரும் கருவியின் மென்பொருளிலேயே வந்தது. 2004-இல் ஜப்பானில் வெளியான கருவி பிஎஸ்1 கேம்களை இவ்வளவு சுத்தமாக ஓட்டுவது அதனால்தான். வீட்டாவுக்குள் பிஎஸ்பியின் மிப்ஸ் கோர் அப்படியே இருக்கிறது. அட்ரினலின் என்ற மென்பொருளைப் போட்டால் பிஎஸ்பி, பிஎஸ்1 இரண்டும் ஓடும். 3டிஎஸ் வேறு வம்சம், ஆர்ம் என்ற சிப் குடும்பம். அதற்கு முந்தைய டிஎஸ், கேம் பாய் அட்வான்ஸ் இரண்டையும் இயக்கிய வகை ஆர்ம் கோர்கள் அதில் உண்டு. அட்வான்ஸ் கேமை 3டிஎஸ்ஸில் அந்தக் கோரிலேயே ஓட்டினால் அது எமுலேஷனே அல்ல, நேரடி ஓட்டம். ஒரு எச்சரிக்கை: அந்த முறையில் நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதி கிடையாது. ஆடி முடித்ததும் ஹோம் பட்டனை அழுத்தி முறையாக வெளியே வாருங்கள். பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால் கேமுக்குள் செய்த சேவும் போய்விடலாம்.

சூப்பர் நிண்டெண்டோவுக்கு இந்த மூன்றில் எதுவும் சொந்தக்காரர் இல்லை. அங்கே மட்டும் பவர் பேசும். பிஎஸ்பியில் பல கேம்கள் தடுமாறும், ஃப்ரேம் விட்டுப் போகும். வீட்டாவிலும் நியூ 3டிஎஸ்ஸிலும் நன்றாகவே ஓடும். பழைய 3டிஎஸ்ஸின் வேகம் 268 மெகாஹெர்ட்ஸ், ‘நியூ’ மாடலில் 804. அந்த ‘நியூ’ இருக்கிறதா என்று பெட்டியைப் பார்க்காமல் கருவியின் மீதே பாருங்கள். வலது பக்கம் சி-ஸ்டிக் என்ற சின்னக் குமிழ் இருந்தால் அது நியூ.

அப்புறம் திரை. இதை யாரும் விசாரிப்பதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம். பிஎஸ்1 கேம்கள் பெரும்பாலும் 320-க்கு 240 புள்ளிகள். வீட்டாவின் திரை 960-க்கு 544. சரியாக இரண்டு மடங்காக்கினால் 640-க்கு 480, கச்சிதமாக உட்கார்ந்து விடும். கேம் பாய் அட்வான்ஸ் 240-க்கு 160. அதை மூன்று மடங்காக்கினால் 720-க்கு 480, அதுவும் உட்காரும். பிஎஸ்பியின் திரை 480-க்கு 272. அட்வான்ஸ் கேமை இரட்டித்தால் உயரம் 320, திரைக்குள் அடங்காது. 1.7 மடங்கு இழுக்க வேண்டும். அப்போது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும், எழுத்துகள் கலங்கும். 3டிஎஸ்ஸில் டிஎஸ் கேம்களுக்கும் இதே தொல்லை. கேம் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் அசல் அளவில் வரும், படம் சின்னது ஆனால் கூர்மை.

பிஎஸ்1-தான் உங்கள் உயிர் என்றால் வீட்டா. அட்வான்ஸும் டிஎஸ்ஸும் என்றால் நியூ 3டிஎஸ். கையில் காசு குறைவென்றால் பிஎஸ்பி, ஆனால் சூப்பர் நிண்டெண்டோவை மறந்து விடுங்கள்.

கேள்வி: பிஎஸ்பியிலேயே 1000, 2000, 3000, கோ, ஸ்ட்ரீட் என்று ஐந்து வகை சொல்கிறார்கள். எமுலேட்டருக்கு எது? - நாகர்கோவில் வாசகி

பதில்: 2000 அல்லது 3000. 1000-இல் ரேம் 32 எம்பிதான். திரையில் வேகமாக நகரும் உருவங்கள் வால் விடும். 3000-இன் நிறம் அழகு, ஆனால் உற்றுப் பார்ப்பவர்களுக்கு மெல்லிய படுக்கைக் கோடுகள் தெரியும். எனக்குத் தெரியும், பிடிக்காது, ஆகவே 2000 பக்கம் நிற்கிறேன். ஸ்ட்ரீட்டில் வைஃபை இல்லை, ஸ்பீக்கரும் ஒன்றுதான். கோ பார்க்க அழகான பொருள். 16 ஜிபி உள்ளேயே இருக்கிறது, ஆனால் பேட்டரி மாற்றுவதும் அதன் தனி ரக மெமரி கார்டைத் தேடுவதும் பெரும்பாடு. 2000, 3000 இரண்டிலும் மைக்ரோ எஸ்டி கார்டு போடும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். சோனியின் பழைய மெமரி ஸ்டிக்கைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: வீட்டாவில் ஓஎல்இடி மாடல் இரு மடங்கு விலை சொல்கிறார்கள். அந்த விலை தகுமா? - திருச்சி வாசகர்

பதில்: எமுலேட்டருக்கு மட்டும் என்றால் தகாது. 2013-இல் வந்த வீட்டா 2000 மாடலின் எல்சிடி திரை போதும். அதை மைக்ரோ யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் செய்யலாம். ஓஎல்இடி திரையுள்ள பழைய 1000 மாடலுக்குத் தனி கேபிள், தொலைந்தால் தேட வேண்டும். இரண்டிலுமே சோனியின் சொந்த மெமரி கார்டு விலை கொள்ளை. கேம் கார்டு நுழையும் இடத்தில் செருகும் எஸ்டி2வீட்டா என்ற அடாப்டரை வாங்கி, மைக்ரோ எஸ்டி போட்டுக்கொள்வதுதான் வழக்கம். இன்னொன்று, வீட்டாவில் எல்2, ஆர்2 பட்டன்கள் கிடையாது. பிஎஸ்1 கேம் அவற்றைக் கேட்டால் திரையையோ பின்பக்கத் தொடுபரப்பையோதான் தட்ட வேண்டும். கார் ரேஸ் நடுவே விரல் தவறிப் பட்டுத் தொலைக்கும்.

கேள்வி: நேரில் போய் வாங்கப் போகிறேன். கடையில் என்னென்ன சோதிக்க வேண்டும்? - சென்னை வாசகர்

பதில்: முதலில் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லுங்கள். பிஎஸ்பி பேட்டரியே இல்லாமல் சார்ஜரில் ஓடும். செத்த பேட்டரியோடு விற்க இது வசதி. பின்மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்து, மேசையில் மல்லாக்கப் போட்டு விரலால் ஒரு முனையைத் தட்டுங்கள். மறு முனை எழும்பி ஆடினால் உப்பியிருக்கிறது, வேண்டாம். 2000, 3000-இன் அசல் பேட்டரி 1200 எம்ஏஎச். அதே தடிமனில் 3600 என்று அச்சடித்திருந்தால் அது வெறும் மை.

அனலாக் குமிழை ஒரு சுற்று சுற்றிக் கையை எடுங்கள். கேமில் உருவம் தானாக நகர்ந்தால் பேரம் பேசுங்கள், அல்லது எழுந்து விடுங்கள். ஆர், எல் பட்டன்களை ஐந்தாறு முறை அழுத்துங்கள், அவைதான் முதலில் தேயும். ஓஎல்இடி வீட்டா என்றால் முழுத் திரையிலும் அடர் சாம்பல் நிறப் படம் ஒன்றை வரவழையுங்கள். திட்டுத் திட்டாகக் கறை தெரிந்தால் அது போகவே போகாது. 3டிஎஸ்ஸை மெல்லத் திறந்து மூடுங்கள், கீலில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த கருவிகள் மலிவாகக் கிடைக்கும். பிஎஸ்பியிலும் வீட்டாவிலும் ஆங்கில மெனு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வட்டம், பெருக்கல் பட்டன்களின் வேலை இடம் மாறியிருக்கும். ஜப்பான் 3டிஎஸ்ஸிலோ மெனு ஜப்பானிய மொழி மட்டும்தான்.

கேள்வி: “பத்தாயிரம் கேம் ஏற்றிய கார்டு” சேர்த்துத் தருகிறார்கள். வாங்கலாமா? - சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். எமுலேட்டர் வைத்திருப்பது வேறு, பிறர் உரிமையுள்ள கேம்களைக் கட்டுக்கட்டாக விற்பது வேறு, பின்னது பதிப்புரிமை மீறல்தான். அது போக, அந்த ‘பத்தாயிரத்தில்’ ஒரே கேம் ஐந்து நாட்டுப் பதிப்புகளாக இருக்கும். கார்டும் தரமற்ற ரகமாக இருந்தால் உங்கள் சேவ் எல்லாம் அதோடு போகும். கருவியைத் தனியாகப் பேசி வாங்குங்கள், நல்ல கார்டைப் பில்லோடு வாங்குங்கள். நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ், டிஸ்க்கில் இருந்து தொடங்குங்கள்.

கேள்வி: சீனாவில் இருந்து வரும் மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் போன்ற புதுக் கருவிகள் இருக்கும்போது பழையதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? - மதுரை வாசகர்

பதில்: மெனக்கெட வேண்டிய கட்டாயம் இல்லை. சூப்பர் நிண்டெண்டோவும் அட்வான்ஸும் மட்டும் போதும் என்பவர் புதுப் பேட்டரியோடு வரும் மியூ மினி பிளஸ்ஸை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 640-க்கு 480 திரை, பிஎஸ்1-க்கும் அளவு பொருந்தும். வெளிநாட்டுப் பார்சல் என்றால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் டிஎஸ்ஸின் இரண்டு திரைகளை ஒரே திரையில் நெருக்கி ஆடுவது வேதனை. அதற்கு 3டிஎஸ்தான். பிஎஸ்பி கேம்களை அந்த விலையில் வரும் சின்னக் கருவிகள் முக்கி முனகித்தான் ஓட்டும். பழைய பிஎஸ்பிக்கு அது சொந்த வீட்டுச் சமையல்.