பென்ஷன் தேதிக்கு முன்னும் பின்னும்: படிப்பு, பயிற்சி, வேலை பற்றிய உங்கள் கேள்விகள்

ராணுவத்தில் இருபத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் பென்ஷன்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, காலம் கடந்த பிறகு கேட்கப்பட்டவை. வாசிக்கவே மனசு கனத்தது. முடிந்தவரை விவரமாக எழுதுகிறேன்.

இன்னும் இருபது மாதத்தில் ஓய்வு. ஹவில்தார். எந்தப் பயிற்சி எடுக்கலாம் சார்?

இப்போதே கேட்டீர்களே, நல்லது தம்பி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மறுவாழ்வு இயக்குநரகம், நாம் டி.ஜி.ஆர். என்று சொல்வோமே, அதுதான் ஓய்வுக்கு முந்தைய பயிற்சிகளை நடத்துகிறது. ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரிகள்) ஜவான்களுக்கும் கட்டணம் கிடையாது. அதிகாரிகள் என்றால் 40 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். விண்ணப்பம் யூனிட் வழியாகப் போகும்.

எந்தக் கோர்ஸ் என்பதை நண்பர்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் குடியேறப் போகும் ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று அடுத்த லீவில் நடந்து பாருங்கள். ராணிப்பேட்டை, ஓசூர் பக்கம் என்றால் தொழிற்சாலைப் பாதுகாப்பு, தீயணைப்பு படித்தவருக்கு மதிப்பு உண்டு. அதே சான்றிதழ் சின்ன கிராமத்தில் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

பத்தாவது மட்டும்தான் படித்தேன். 17 வருட சேவை. டிகிரி கேட்கும் மத்திய அரசு வேலைக்குப் போட முடியுமா? வயது 44 ஆகிவிட்டது.

முடியும், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. 15 வருடம் சேவை முடித்து, மெட்ரிக் (பத்தாவது) அல்லது ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் வைத்திருந்தால், பட்டப்படிப்பு கேட்கும், கிளார்க் மாதிரியான குரூப் சி பணிகளுக்குத் தகுதியாக எடுத்துக்கொள்வார்கள். தொழில்நுட்பப் படிப்பு கட்டாயம் என்ற பணிகளுக்கு இது செல்லாது. இது வேலைக்கான சமநிலைதான், பல்கலைக்கழகப் பட்டம் அல்ல.

வயதுக் கணக்கு இப்படி: உங்கள் வயதிலிருந்து சேவைக் காலத்தைக் கழியுங்கள். மீதி, அந்தப் பணியின் உச்ச வயதைவிட மூன்று வருடத்துக்கு மேல் கூடக்கூடாது. 44-இல் 17 போனால் 27. உச்ச வயது 27 என்றால் 30 வரை இடம் உண்டு, அதாவது உங்களுக்கு 47 வயது வரை. வெளியே வந்து சும்மா இருக்கும் ஒவ்வொரு வருடமும் இந்தக் கணக்கில்தான் குறைகிறது. குரூப் சி-யில் நமக்கு 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் 14.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு.

வங்கியில் கிளார்க் வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த பிறகு வேறு வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் போகலாமா?

பலர் வழுக்கி விழும் இடம் இது. சிவில் பணியில் சேர்ந்தவுடன் ஒதுக்கீட்டுச் சலுகை முடிந்துவிடும். ஆனால் சேரும் முன்பே வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அவற்றின் பட்டியலைத் தேதியுடன் எழுதி, சுய அறிவிப்பாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். 2014 ஆகஸ்ட் உத்தரவு இதற்கு வழி செய்கிறது. பட்டியலில் உள்ள வேலைகளுக்கு ஒதுக்கீடு தொடரும். கொடுத்ததற்கு அத்தாட்சியாக முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள்.

மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள் அண்ணா. உதவித்தொகை உண்டா?

உண்டு அம்மா. பிரதமர் உதவித்தொகைத் திட்டம் 2006-07 முதல் நடக்கிறது. வருடத்துக்கு 5,500 பேர், அதில் பாதி பெண்கள். பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். தொழிற்படிப்பின் முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) இணையதளத்தில் போட்டு, அசல் சான்றுகளுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணைவிடப் பெயரால் தள்ளிப்போனதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே நடந்தது. மகள் பள்ளிச் சான்றிதழில் 'முத்துலட்சுமி', இனிஷியல் பின்னால். ராணுவத்திலிருந்து வெளிவரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் 'முத்து லக்ஷ்மி', இரண்டு சொல், இனிஷியலே இல்லை. பிறந்த தேதியிலும் ஒரு நாள் வித்தியாசம். அவள் பிறந்தபோது பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ராணுவப் பதிவில் ஏற்றும் உத்தரவு) போட்ட அன்றே ஒரு எழுத்தைச் சரிபார்த்திருந்தால் போதும். ராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்தி வாங்குவதற்குள் அந்த வருடம் போய்விட்டது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்றைக்கே புத்தகத்தை எடுத்து, பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

அப்புறம், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. தம்பி, தங்கை இருந்தால் நினைவில் வையுங்கள்.

என் கணவர் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். நானும் ஏதாவது கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

ஹவில்தாரும் அதற்குக் கீழும் உள்ள குடும்பங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து கல்வி உதவி கிடைக்கும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 2,000 ஆக உயர்த்தப்பட்டது. நீங்கள் முதுகலை படித்தாலும் இரண்டு வருடம் இதே உதவி உண்டு. கைவினை, தையல் மாதிரி தொழில் கற்க விதவையருக்கு ஒருமுறை உதவித்தொகையும் இருக்கிறது. அலுவலகத்துக்குத் தயங்காமல் போங்கள் அம்மா. இது உங்கள் கணவரின் உழைப்பில் வந்தது.

அக்னிவீரராக இருக்கிறேன் ஐயா. நான்கு வருடம் முடிந்ததும் இதெல்லாம் எனக்குக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது தம்பி. பென்ஷன் இல்லாததால் நான்கு வருடத்தில் வெளியேறுபவருக்கு முன்னாள் படைவீரர் என்ற நிலை வராது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கிடைப்பது: வெளியேறும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதி, சுமார் 11.71 லட்சம் ரூபாய்; மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு (2022-இல் 10 சதவீதம் என்று அறிவித்தார்கள்). பத்தாவது முடித்தவருக்கு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது சான்றிதழ் உண்டு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தில் பாதி மதிப்பெண் புள்ளிகள் உங்கள் ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். மீதிப் பாதியை எழுதித்தான் ஆக வேண்டும். பாரக்கில் (படைவீரர் தங்குமிடத்தில்) ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கு. சேவா நிதியை வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டால், படிப்புக்கு ஒரு பகுதியை முதலில் தனியாக வைத்துவிட்டு மீதியைக் கொடு.

வேலை வேண்டாம், சின்னதாகத் தொழில் தொடங்க வேண்டும்.

தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைப் பாருங்கள். 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம், கூடவே தொழில் பயிற்சி. மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), அடையாள அட்டை மூன்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.