கீழாநெல்லி: கேட்டவையும் விடைகளும்

கேள்வி: எங்கள் வயல் வரப்பில் மழைக்குப் பிறகு கீழாநெல்லி போலத் தோன்றும் செடிகள் நிறைய முளைக்கின்றன. சரியான செடியை எப்படி அறிவது?

பதில்: இலைக்குக் கீழே காய் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பலர் பறித்துவிடுகிறார்கள். அந்த அடையாளம் இதன் உறவுச் செடிகள் பலவற்றுக்கும் இருப்பதால் அது போதாது. மருந்துக்குரிய கீழாநெல்லி அரை மீட்டர் அளவுக்கு நிமிர்ந்து வளரும் ஓராண்டுச் செடி. புளியிலையைப் போன்ற கூட்டிலையாக நமக்குத் தோன்றுவது உண்மையில் ஒரு சிறு கிளை. அதன் இரு புறமும் தனி இலைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன, இரவில் அவை மடிந்துகொள்கின்றன. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில், இலைக்கக்கங்களில், அதாவது இலை கிளையோடு சேரும் இடங்களில், பூக்கும். பூவிதழ்கள் பெரும்பாலும் ஐந்து. காய் வழவழப்பாக, சிறு காம்புடன் இருக்கும்; முற்றியதும் வெடித்து விதைகளைச் சிதறும். தண்டு செந்நிறமாக, காய் காம்பின்றிச் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் வேறு இனம். ஐயம் தீராவிட்டால் விதையை உருப்பெருக்கியில் பாருங்கள்: கீழாநெல்லி விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், சிவப்பு இனத்தில் குறுக்குவாக்கில் இருக்கும்.

கேள்வி: இதன் அறிவியல் பெயரைச் சில நூல்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றும் சிலவற்றில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றும் காண்கிறேன். எது சரி?

பதில்: நம் ஊரில் விளைவது பெரும்பாலும் அமாரஸ். நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறோர் இனத்தின் பெயர். அது இங்குள்ள செடிக்கு நெடுங்காலம் தவறாக வழங்கி வந்தது.

கேள்வி: மஞ்சள் காமாலைக்கு என் பாட்டி இதை அரைத்து மோரில் கொடுப்பார். இதற்கு அறிவியல் சான்று உண்டா?

பதில்: சமூலத்தை, அதாவது வேர் முதல் காய் வரை முழுச் செடியையும், பசுமையாக அரைத்து, நெல்லிக்காய் அளவு விழுதை மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து, உப்பு, புளி, எண்ணெய் விலக்கிய பத்தியத்துடன் கொடுப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்து வரும் வழக்கம். 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பாருக் பிளம்பர்க் உள்ளிட்டோரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு இச்செடியின் பொடியை 30 நாள் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை என்பது அதன் முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆகவே ஹெபடைடிஸ் பி-க்கு இது தீர்வு என்று நான் சொல்லமாட்டேன்.

இங்கே மிகவும் கவலையோடு ஒன்றைச் சொல்கிறேன். மஞ்சள் காமாலை என்பது நோயின் அறிகுறி மட்டுமே. வைரஸாலும் வரும், பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் வரும், புற்றுநோயாலும் வரும். ஹெபடைடிஸ் ஏ போன்றவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே குணமாகின்றன. அப்போது பெருமை முழுவதும் செடிக்குப் போய்விடுகிறது. கல் அடைத்தவருக்கோ விழுதை நம்பிக் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது. முதலில் இரத்தப் பரிசோதனையும் தேவையானால் ஸ்கேனும் செய்து காரணத்தை அறியுங்கள். பிறகு பட்டம் பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் இதை உண்ணலாம்.

கேள்வி: நீரிழிவு மாத்திரை எடுப்பவர் இதைத் தினமும் உண்ணலாமா?

பதில்: தாமாக உண்ண வேண்டாம். இதற்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருப்பதாகக் கருதப்படுவதால், மாத்திரையுடன் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கருவுற்ற பெண்களும் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: பறிக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: சாக்கடை ஓரம், சாலையோரம், களைக்கொல்லி தெளித்த நிலம் ஆகியவற்றில் பறிக்காதீர்கள். வேரோடு பயன்படுத்துவதால் மண் முழுவதும் போகும்வரை பல முறை கழுவ வேண்டும். உலர்த்துவதானால் நிழலில் உலர்த்துங்கள். காய் முற்றிய சில செடிகளை விதைக்காக விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு அதே வரப்பில் தாமே முளைக்கும்.