வாசகர் கேள்வி: புறா சாகவில்லை, முட்டை ஏன் பொரிக்கவில்லை?

கேள்வி: சார், காசிமேட்டில் மொட்டை மாடியில் 12 ஜோடி பந்தயப் புறா வைத்திருக்கிறேன். பேன் தொல்லை தாங்காமல், பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைச் சில்லறையாக வாங்கி, வாளியில் கலக்கி, கூண்டு, அடைப்பெட்டி, புறா எல்லாவற்றின் மேலும் அடித்தேன். மாதம் ரெண்டு தடவை, நாலு மாதமாக. எல்லாம் நன்றாகத்தான் பறக்கின்றன. ஆனால் போன ரெண்டு அடையிலும் பாதிக்கு மேல் கூமுட்டை, சிலது அடியிலேயே நசுங்கிவிட்டது. மருந்துதான் காரணம் என்றால் புறா செத்திருக்குமே என்கிறார்கள் கூட்டாளிகள். சரிதானா?
– புறா வளர்ப்பவர், காசிமேடு

பதில்: சரியில்லை தம்பி. பூச்சிமருந்து பறவையைக் கொல்வதற்குத் தேவையான அளவு வேறு, முட்டையைக் கெடுப்பதற்குத் தேவையான அளவு வேறு. ரெண்டாவது ரொம்பக் குறைவு. தாய் பறந்துகொண்டே இருக்கும், அடுத்த தலைமுறை வராது.

இதை உலகத்துக்குத் தெரியவைத்ததே ஒரு வகையில் உங்களைப் போன்ற புறாக்காரர்கள்தான். 1960-ல் இங்கிலாந்தில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள், பைரி என்கிற வேட்டைப் பறவை பெருகிப்போய் எங்கள் புறாக்களை அடிக்கிறது என்று அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று டெரெக் ராட்கிளிஃப் என்பவர் தலைமையில் கணக்கெடுத்தால், விஷயம் தலைகீழ், பைரி அழிந்துகொண்டிருந்தது. அவர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து முட்டை ஓடுகளை எடைபோட்டு அளந்து, டிடிடி என்கிற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த 1940-களின் பின்பாதியிலிருந்தே ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-ல் எழுதினார். டிடிடி உடம்பில் சிதைந்து டிடிஇ ஆகிறது, அது கருப்பையில் ஓடு கட்டும் சுரப்பிக்கு ரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து போவதைத் தடுக்கிறது, அப்புறம் தாய் அடையில் உட்கார்ந்தால் அதன் எடைக்கே முட்டை நொறுங்குகிறது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டிடிடி-யை 1989-லேயே தடை செய்தாகிவிட்டது.

நீங்கள் அடித்தது என்ன மருந்து என்று எழுதவில்லை. மூக்கில் ஏறுகிற நாற்றம் இருந்தால் ஆர்கனோபாஸ்பேட் என்கிற பூச்சிமருந்து வகையாக இருக்கலாம். அது நரம்பைத் தாக்கும். தீனி குறையும், மூளையிலிருந்து சூலகத்துக்கும் ஆண் புறாவின் விரைக்கும் போகிற ஹார்மோன் உத்தரவு குறையும், முட்டை குறையும், சேவலின் விந்தும் கெடும். அதைவிட எனக்குக் கவலை தருவது, அடையில் இருக்கிற பறவை எழுந்து போய்விடுவது. அமெரிக்காவில் ஒரு கடற்காக இனத்துக்குப் பாரத்தியான் என்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, முட்டைமேல் உட்காரும் நேரமே குறைந்துவிட்டது. புறாவுக்கு 17, 18 நாள் அடை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்தால்தான் குஞ்சு. நடுவில் ஒரு ராத்திரி முட்டை குளிர்ந்தாலும் கரு போய்விடலாம்.

இன்னொன்று, தீனியைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று சிவப்பு அல்லது ரோஸ் சாயம் ஏறின மக்காச்சோளம் வாங்கியிருந்தால் அது விதைக்கு மருந்து தடவியது, கழுவினாலும் முழுசாகப் போகாது. ஸ்பெயினில் இமிடாகுளோப்ரிட் என்கிற பூச்சிமருந்து தடவிய விதையைத் தின்ற கவுதாரிகள் தாமதமாக, குறைவாக முட்டையிட்டன.

ஆனாலும் மருந்துமேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். கிளிஞ்சல் தூள் வைக்காத கூண்டிலும் ஓடு மெலியும், வெயில் படாத கூண்டிலும் மெலியும், சால்மொனெல்லா நோயிலும் கரு சாகும். முட்டையிட்ட ஆறாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிவப்பு ரத்தக்குழாய் ஓடவே இல்லை என்றால் கரு கூடவில்லை. ஓடி நின்றுபோயிருந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. அந்தக் குறிப்போடு, பொரிக்காத முட்டை ரெண்டையும் ஒரு புறாவையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், மருந்து டப்பா இருந்தால் அதையும்.

இன்றே மருந்தை நிறுத்துங்கள். ஜோடிகளைப் பிரித்து ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். அடித்தது ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால், அது டிடிடி மாதிரி உடம்பில் வருஷக்கணக்கில் தங்காது, தேறிவிடும். பேனுக்கு அடைப்பெட்டியைக் காலி செய்து, சுரண்டி, வெயிலில் போட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், அதுகளே குளித்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பறவைக்கென்று டாக்டர் எழுதித்தருகிற மருந்து மட்டும். டைக்ளோர்வாஸ் என்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31-ஓடு முழுசாகத் தடை. யாராவது பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த மாடியில் பிள்ளைகளும் விளையாடுமே.

கேள்வி: கரப்பான் பூச்சிக்கு வாங்கின மருந்தைக் கோழிக்கூண்டில் தெளித்துவிட்டேன். முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம்மா. கொழுப்பில் கரைகிற மருந்து மஞ்சள் கருவுக்குள் போய்ச் சேரும். 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணையில் சிற்றுண்ணிக்கு அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்கிற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததால் லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். கரப்பானுக்கு விற்கிற சில மருந்துகளிலும் அதே ஃபிப்ரோனில்தான். டப்பாவில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கால்நடை டாக்டரிடம் காட்டி, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வருகிற முட்டையை யாருக்கும் கொடுக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.