அந்தச் சட்டம் இருந்ததே!

கேள்வி: மத நம்பிக்கையைக் கேலி செய்யும் நாடகத்தை மேடையேறிய பிறகு தடுத்து என்ன பயன்? முன்கூட்டியே கதையை வாங்கிப் படித்து அனுமதி தர ஒரு சட்டம் வேண்டும். உங்களைப் போல் காசுக்கு எழுதும் பத்திரிகைக்காரர்கள் உடனே ‘கருத்துச் சுதந்திரம்’ என்று கூச்சல் போடுவீர்கள், தெரியும்.
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: காசு விஷயத்தை எங்கள் கணக்குப் பிள்ளை படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். சரி, கூச்சலுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்கும் சட்டம் தமிழ்நாட்டில் இருந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. 1954 முதல் 2013 வரை. அதற்கு ஒரு தாத்தாவும் உண்டு. கல்கத்தா மேடைகளில் தங்களைக் கிண்டல் செய்வது பொறுக்காமல் வெள்ளைக்காரர்கள் 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டம்தான் அது. அவர்கள் கப்பல் ஏறிப் போய் ஏழு வருஷத்தில், காமராஜர் ஆட்சியில், சென்னை மாநிலம் தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை நிறுத்தத்தான் அவ்வளவு பாடும். சட்டத்தில் ராதா பெயர் இல்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1967இல் ஆட்சி மாறியது. வந்தவர் யார்? நாடகம் எழுதி, நாடகத்தில் நடித்து, மேடை வசனத்தாலேயே கட்சி வளர்த்த அண்ணா. அவருக்குப் பின் கலைஞர், அவரும் நாடக ஆசிரியர். அதற்கும் பின் எம்.ஜி.ஆர்., சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். எந்தச் சட்டம் ராதாவின் கழுத்தைப் பிடித்ததோ, அதே சட்டம் இவர்கள் கைக்கு வந்தது. ஒருவரும் ரத்து செய்யவில்லை. கதையைப் போலீசிடம் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் வேலை, டிக்கெட் விற்றுப் பெட்ரோல் காசுகூடத் தேறாத சின்னக் குழுக்களின் தலையில் விழுந்தது. கடைசியில் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது.

இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த ஆட்சி இருக்கலாம். அதனிடம் இந்தக் கத்தரிக்கோலைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். தேர்தலில் தோற்றால் அது கத்தரிக்கோலைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்து வருகிறவர் உங்கள் கோயில் திருவிழா நாடகத்தையும் வாங்கிப் படிப்பார்.

அரசியல் சாசனத்தின் 19(2)ஐ ஒரு முறை படித்துப் பாருங்கள். பேச்சுரிமைக்கு வேலி போடக் காரணங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு இப்படி. ‘சிலருக்கு மனசு கஷ்டப்படும்’ என்பது அதில் இல்லை. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மதத்தை இழிவு செய்தால் தண்டிக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுங்கள், கோர்ட்டில் நிரூபியுங்கள். அது பேசிய பிறகு வரும் வழக்கு. நீங்கள் கேட்பது பேசுவதற்கு முன்பே வாய்ப்பூட்டு.

‘கலவரம் வருமே’ என்பீர்கள். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கும் அதைத்தான் சொன்னார்கள். மிரட்டலுக்குப் பயந்து படத்தை முடக்கக் கூடாது, கலவரத்தைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ராதா ஒரு வழி வைத்திருந்தார். என் நாடகம் பார்த்தால் மனம் புண்படும் என்கிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் எனக்கு வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவாராம். கும்பகோணத்துக்கு அப்படி ஒரு நாடகம் வந்தால் அன்று சாயங்காலம் வீட்டிலேயே இருங்கள். டிக்கெட் காசும் மிச்சம்.