கிளிநொச்சிவரை சைக்கிளில்: வெயிலுக்கு உடலைப் பழக்குவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 47. கொக்குவிலில் வசிக்கிறேன். இருந்தபடியே செய்யும் அலுவலக வேலை. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் இருபது பேர் வரையில் ஆகஸ்ட் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் சென்று அன்றே திரும்ப எண்ணியிருக்கிறோம். குருதி அமுக்கத்துக்காகக் காலையில் லொசாட்டன், ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகிய குளுசைகளை எடுக்கிறேன். வெயிலுக்கு எப்படித் தயாராவது? எவ்வளவு தண்ணீர் குடிப்பது? அன்றைக்குக் குளுசையை நிறுத்தலாமா? எங்களில் ஒருவருக்கு நீரிழிவும் உண்டு.

பதில்: தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டாகச் செல்லும் பயணங்களில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் வேகம்தான். மிதிக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மட்டுமே சில்லைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி முழுவதும் உடலுக்குள் வெப்பமாகத் தேங்கி, தோல் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. ஆகவே போதிய அளவு தண்ணீர் குடித்த ஒருவரும், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களுக்குப் பின்னால் விடாப்பிடியாக மிதித்தால், வெப்பத்தாக்கத்துக்கு ஆளாகலாம். குழுவில் மிக மெதுவாக ஓடுபவரை முன்னால் விட்டு அவருடைய வேகத்தையே எல்லோருடைய வேகமாகக் கொள்ளுங்கள். பக்கத்தில் வருபவருடன் ஒரு முழு வசனத்தை மூச்சு வாங்காமல் பேச முடியாவிட்டால், நீங்கள் ஓடும் வேகம் உங்களுக்குக் கூடிய வேகம்.

ஆகஸ்ட் இறுதியில் நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் வியர்வை வழிந்து விழுகிறதே தவிர ஆவியாவது குறைவு. ஆவியாகாத வியர்வையால் உடல் குளிர்வதில்லை. அக்காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனையிறவு தாண்டிப் பரந்தனை நோக்கித் தெற்கே திரும்பியதும் அது முகத்திலும் பக்கவாட்டிலும் அடித்துக் களைப்பைத் தரும். அதே காற்றுத் திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் வரும். அப்போது மிதிப்பது இலகுவாகத் தோன்றும்; ஆனால் காற்றும் சைக்கிளும் ஒரே திசையில் போவதால் தோலின் மீது காற்றோட்டம் குறைந்து, உடல் வெப்பம் நீங்கள் உணராமலே ஏறும். இயக்கச்சிக்கும் பரந்தனுக்கும் இடையே ஒதுங்கி நிற்க நிழலும் அரிது.

இதனால் அன்றே சைக்கிளில் திரும்பும் திட்டத்தை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வழித் தூரமே 65 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காலை ஐந்து மணிக்கு விளக்குகளுடன் புறப்பட்டு, மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில், கொடிகாமத்திலும் பளையிலும் ஆறுதலாக இருந்து சென்றால், ஒன்பதரை மணியளவில் கிளிநொச்சியை அடையலாம். பத்து மணிக்குத் திரும்பத் தொடங்கினால் நடுவெயிலில் ஓடுவீர்கள். வெயில் தணிந்து நாலு மணிக்குத் தொடங்கினாலோ பேருந்துகள் விரையும் ஏ9 வீதியில் இருட்டில் ஓடுவீர்கள். சைக்கிள்களை லொறியில் ஏற்றிவிட்டு இரயிலில் திரும்புவது, அல்லது அங்கே தங்கி மறுநாள் அதிகாலையில் புறப்படுவது, இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

உடலை வெப்பத்துக்குப் பழக்க ஏழு முதல் பதினான்கு நாள்கள் தேவை. குளிரூட்டிய அறையில் பகலைக் கழித்துவிட்டு விடியற்காலையில் மட்டும் பயிற்சி செய்பவருக்கு இந்தப் பழக்கம் வராது. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பிருந்து காலை எட்டு அல்லது ஒன்பது மணி வெயிலில், முதலில் அரை மணி நேரமும் பின்னர் படிப்படியாக ஒன்றரை மணி நேரம் வரையிலும், மெதுவாக ஓடிப் பழகுங்கள். முதல் சில நாள்களில் குருதியின் நீர்ப்பகுதி கூடும். அதன்பின் வியர்வை நேரத்தோடு சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். பயிற்சியை விட்டுவிட்டால் இந்தப் பயன் சில கிழமைகளிலேயே போய்விடும் என்பதால், ஆனி மாதப் பயிற்சியை நம்பி ஆவணியில் புறப்பட வேண்டாம். தூரத்துக்கான பயிற்சி வேறு. அதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். ஆசன உயரத்தையும் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்: குதிக்காலை மிதிகட்டையின் கீழ்நிலையில் வைக்கும்போது முழங்கால் நேராக நிற்க வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. வெயிலில் ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றரும் இன்னொருவருக்கு ஒன்றரை லீற்றரும் வியர்க்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் குறைந்த உடுப்புடன் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும், இடையில் குடித்ததைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. நிறை இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமலும், கூடாமலும் இருக்க வேண்டும். கூடாமல் இருப்பது உங்களுக்கு இன்னும் முக்கியம். நீங்கள் எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் குருதியின் சோடியத்தைக் குறைக்கக்கூடிய மருந்து. அதன்மேல் வெறும் தண்ணீரை வற்புறுத்திக் குடித்தால் சோடியம் மேலும் இறங்கி, தலையிடி, வாந்தி, தடுமாற்றம், வலிப்பு வரை போகலாம். தாகத்துக்கேற்ப, சிறுகச் சிறுக, மணிக்கு 400 முதல் 800 மில்லிலீற்றருக்குள் குடிப்பது பெரும்பாலானோருக்குப் போதும்.

ஒரு லீற்றர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவில் சோடியம், அதாவது இரண்டரைக் கிராம் உப்பு, வெளியேறுகிறது. நாலு மணி நேரப் பயணத்தில் இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். உப்பிட்ட மோர், உப்பும் சீனியும் இட்ட தேசிக்காய்த் தண்ணீர், பொதியில் சொல்லியபடி கரைத்த ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) ஆகியவற்றில் ஒன்றைத் தண்ணீருடன் மாறி மாறி எடுக்கலாம். குருதி அமுக்கம் உள்ளவர் உப்பைக் கண்டு அஞ்சுவது நியாயம். ஆனால் அந்த ஒரு காலைக்கு அது பொருந்தாது. இளநீரில் பொற்றாசியம் கூடுதல், சோடியம் குறைவு. லொசாட்டனும் பொற்றாசியத்தைக் கூட்டும் என்பதால் ஒன்றுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை: புறப்படுமுன் இடியப்பமும் சொதியும், வழியில் வாழைப்பழமும் பனங்கட்டித் துண்டும். முதல்நாள் இரவு மது வேண்டாம். கள்ளையும் மதுவென்றே கொள்ளுங்கள்.

குளுசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத்துக்கு மூன்று நான்கு கிழமை முன்பு உங்கள் வைத்தியரிடம் சென்று, குருதி அமுக்கத்தை இருந்தும் எழுந்து நின்றும் அளந்து, சிறுநீரகச் செயற்பாட்டையும் சோடியம், பொற்றாசியம் அளவுகளையும் பரிசோதித்து, அன்று காலை சலம் போக்கும் குளுசையான ஹைட்ரோகுளோரோதயசைட்டைத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழமைக்கு மாறான இளைப்போ வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழங்கால் நோவுக்கென்று டைக்கிளோபெனக், இபுபுரூபன் போன்றவற்றை முன்கூட்டியே விழுங்கும் வழக்கம் பலரிடம் உண்டு. உங்கள் இரண்டு குளுசைகளோடு இதுவும் சேர்ந்து, உடலில் நீரும் குறைந்தால், சிறுநீரகம் சடுதியாகச் செயலிழக்கக்கூடும்.

நீரிழிவு உள்ள நண்பர் இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவராயின், குருதிச் சீனி தாழ்ந்துவிடும் ஆபத்து அவருக்கு உண்டு. அவரும் முன்கூட்டியே அளவுகளைப் பற்றி வைத்தியருடன் பேச வேண்டும். சீனியைச் சட்டைப்பையிலும், குருதிச் சீனி அளக்கும் கருவியைத் தன் பையிலும் வைத்திருக்க வேண்டும். தடுமாற்றமும் வியர்வையும் வெப்பத்தாலும் வரலாம், சீனி தாழ்வதாலும் வரலாம். அளந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும். கடந்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்த எவரும் லொறியில் வரட்டும்.

இருவர் இருவராகச் சோடி சேர்ந்து, ஒருவரை ஒருவர் கவனித்து வாருங்கள், ஏனெனில் வெப்பம் தலைக்கேறியவர் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். களைப்பு, தலைச்சுற்று, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, நீராகாரம் கொடுக்கலாம். அன்றைக்கு அவர் மேற்கொண்டு மிதிக்கக் கூடாது. பேச்சுக் குழறினால், பொருத்தமில்லாமல் கதைத்தால், சைக்கிள் அங்குமிங்கும் ஆடினால் வெப்பத்தாக்கம் என்றே கொள்ளுங்கள். தோல் வியர்த்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், அருகிலுள்ள கிணற்று நீரை வாளி வாளியாக உடல் முழுவதும் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். பரசிற்றமோல் இதற்கு உதவாது. நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வீடு திரும்பிய பின் தசைகள் கடுமையாக நொந்து, சலம் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ மிகக் குறைந்தாலோ, மறுநாள் காலைவரை பொறுத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, சைக்கிளில் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பதையும் எடுத்த குளுசைகளையும் சொல்லுங்கள்.